நீசென் தெரியாத நாட்கள்

நீசென் என்பது மலையின் பெயர்.
தூன் ஏரிக்கு மேலே
ஒற்றைக் கோபுரமாய் நிற்கும்.
தமிழ்க் காதில் விழுந்தால் வசவு.
பதினேழு வருடம்
அந்த நீசனைத்தான் படம் பிடித்தேன்.

மலைக்கு முகம் கோணாது.
கண் மூடிவிட்டேன், இன்னொன்று எடு என்று கேட்காது.
இந்தப் பக்கம்தான் எனக்கு அழகு என்று திரும்பாது.
காத்திருக்க வேண்டியவள் நான் மட்டும்தான்:
முக்காலியை ஊன்றி,
பிளாஸ்க்கில் தேநீர்,
விரல்நுனி வெட்டிய கையுறை,
படகு போகட்டும், வாத்து போகட்டும்,
மனிதர்கள் போகட்டும் என்று.

இந்த நவம்பரில் மூடுபனி வந்து
பத்தொன்பது நாள் நகரவில்லை.
ஏரி இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.
மேசையில் கிடந்த கேமரா
வாடகை கேட்க வந்தவர் மாதிரி பார்த்தது.

சுகிர்தன் கூப்பிட்டான்.
"பீல் ஹோலில ஒரு சாமத்தியவீடு.
ரெண்டாவது கேமராவுக்கு ஆள் இல்லை, வாங்கோ அக்கா."
போனேன்.
பழக்கதோஷம், கடைசிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டேன்.
அகன்ற லென்ஸ்.
முந்நூறு பேரும் தூரத்து மேய்ச்சலில் மாடுகள் அளவுக்கு.
மேடையில் அந்தப் பிள்ளை ஒரு சரிகைப் புள்ளி.
"மாமியின்ர முகம் ஒண்டிலும் இல்லை," என்றான் பிறகு.
"ஆனா அக்கா, கூரை நல்ல ஷார்ப்."

அடுத்து, காப்புறுதிக்காரருக்காக
ஆலங்கட்டி அடித்த கார்கள்.
ஊட்டெண்டோர்ஃபில் ஒரு தகரக் கொட்டகை, நாற்பத்தாறு வண்டி.
சாய்ந்த வெளிச்சத்தில்தான் பள்ளம் தெரியும்,
அது நான் விடியற்காலைகளில் படித்த பாடம்.
விளக்கைத் தரையோடு வைத்தேன்.
ஒரு பழைய ஃபியட்டின் பொனட்டில்
எத்தனை பள்ளத்தாக்கு!
அந்த வேலைக்கு மட்டும் பாராட்டுக் கடிதம் வந்தது.
அதுவும் நிலக்காட்சிதான் என்று
அவர்களுக்கு நான் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் எழுதிய பரீட்சை ஒன்று:
நிலமும் பொழுதும் முதற்பொருள்.
மரமும் பறவையும் பறையும் கருப்பொருள்.
ஒருவர் பிரிவதும் ஒருவர் இருந்து பார்த்திருப்பதும்
உரிப்பொருள்.
தொண்ணூற்றிரண்டு மார்க்.
வாழ்க்கையில் முதலோடு நின்றுவிட்டேன்.

இருபதாம் நாள் மதியம், வேறு வேலை இல்லாமல்,
பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன்.
விற்ற படங்கள் அல்ல, அவற்றின் மூலங்கள்,
நான் துடைப்பதற்கு முன்னால் இருந்தவை.
2009: குன்டென் படகுத்துறை. நுனியில்
சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒருவர். ஒரு நாய்.
2013: அதே ஜாக்கெட். நாய் படுத்திருக்கிறது.
2014: நாய் இல்லை.
வார் மட்டும் கையில் சுருண்டிருக்கிறது.
2019: கைத்தடி.
ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று கிளிக்கில்
அவரைத் தண்ணீராக்கியிருக்கிறேன்.
நல்ல சுத்தமான வேலை.
ஒரு வங்கியின் காலண்டரில்
மார்ச் மாதம் முழுக்க
அவர் அலையாகத் தொங்கியிருக்கிறார்.

மறுநாள் குன்டெனுக்குப் பேருந்து எடுத்தேன்.
முக்காலி வீட்டில்.
ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ், பேசும் தூரம்.
மூன்று நாள் யாரும் வரவில்லை.
நான்காம் நாள் துறையில் அவர் நின்றார்,
சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகி.

கேமராவைக் கண்டதும்
"மன்னிக்க வேண்டும்" என்று,
நான் வாய் திறக்கும் முன்பே,
தடியால் ஈரப் பலகையைத் தட்டித் தட்டி
ஓரத்துக்கு நகரத் தொடங்கினார்.
பல வருடம் பழகிய நகர்தல்.

"நில்லுங்கள்," என்றேன்.

"மலை இன்றைக்கு இல்லையே," என்றார் சுர்ப்ரூக்.
பெயரே அப்போதுதான் கேட்டேன்.
"இல்லை."
கொஞ்ச நேரம் பனியைப் பார்த்தார், பிறகு என்னை.
"கண்ணாடியைக் கழற்றவா?"

எனக்குத் தெரியவில்லை.
இதுவரை யாரும்
என்னிடம் கேட்டதில்லை.